நான்கு பிஸ்டன்களும் ஆள்தட்டும்

திருமாலுக்குத் தெரியாத விஷயங்களில் முதலிடம் அவன் நடத்திய கம்பெனிக்குத்தான். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அவன் அப்பா கலியமூர்த்தி முப்பது வருஷம் நின்று வளர்த்த கம்பெனி. ஃபியூஸ் கட்டையும் கரண்டு கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டரும் செய்தார்கள். அப்பா கண்ணை மூடியதும் மகன் நாற்காலியில் உட்கார்ந்தான். இந்த நான்கு வருஷத்தில் அவன் சூளைக் கொட்டகைக்குள் கால் வைத்தது ஏழு தடவை. சூளை பார்க்கும் அமுதவள்ளி எண்ணி வைத்திருந்தாள். அதில் ஐந்து தடவை செல்போனுக்கு டவர் கிடைக்கிறதா என்று பார்க்க வந்தது.

வாயில் ‘மொதலாளி’ என்றும் ‘ங்க’ என்றும் மரியாதை கொட்டினாலும் மனசுக்குள் அவள் அவனை ‘அவன்’ என்றுதான் வைத்திருந்தாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம், அவன் யோக்கியதைக்கு அது போதும்.

அவனுக்குத் தெரிந்தது கார். தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது கார் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். பதினோரு வருஷப் பழைய டீசல் கார் ஒன்று வைத்திருந்தான். கடலூர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் நடத்தும் ராஜ்மோகன் அதில் லேப்டாப்பைச் சொருகி, எஞ்சினுக்குள் டீசல் அதிகமாகப் பாயும்படி செய்து கொடுத்தான். பிறகு பெரிய டர்போ மாட்டினான். அதன் பிறகு அந்தக் கார் ஜங்ஷன் ரோட்டில் போனால் கரும்புகை ஒரு பர்லாங் நிற்கும். பின்னால் வரும் டூவீலர்காரர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் குடும்பத்தையே விசாரித்தார்கள். அவன் அதைப் புகழ் என்று எடுத்துக்கொண்டான்.

போன மாசம் சேத்தியாத்தோப்பு தாண்டி ஒரு டவுன் பஸ்ஸை முந்தப் போனவன், பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றுபோனான். கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பிய டிராக்டர் ஒன்று காரைக் கயிறு கட்டி ஊர் வரைக்கும் இழுத்து வந்தது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பிஸ்டன் தலை உருகி, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. வேறு ஒருவனாக இருந்தால் அதை யார் கண்ணிலும் படாமல் எங்காவது போட்டிருப்பான். திருமால் அதைக் கழுவி, ஆபீஸ் மேஜைமேல் வைத்து, ஓட்டையில் பேனா செருகினான்.

“பவரு ஏத்தியாச்சு, உள்ளாற இருக்கற சாமான் பழசு. அதான் தாங்கல” என்றான் ராஜ்மோகன். சரி என்று உள்சாமான்கள் வந்து இறங்கின. நாலு புது பிஸ்டன், ஃபோர்ஜ்டு. அதாவது வார்த்தது இல்லை, அடித்துச் செய்தது. கூடவே தடிமனான கனெக்டிங் ராடு நாலு, ஹெட்டை இறுக்க முரட்டு போல்ட்டுகள். எல்லாவற்றையும் பட்டுத் துண்டில் பரப்பி, எலுமிச்சம்பழம் வைத்து, பிஸ்டனுக்குக் குங்குமம் இட்டான். பெற்ற பிள்ளைக்குக் காது குத்தும்போது அவன் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பிஸ்டன் தலையில் செராமிக் பூச்சு இருந்தால் சூடு கீழே இறங்காது, வெளிநாட்டில் ரேஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள் என்று ராஜ்மோகன் வாயை விட்டுவிட்டான். சென்னையில் ஒரு இடத்தில் போட்டுத் தருவார்களாம், மூன்று வாரம் ஆகுமாம். அடுத்த மாசம் புதுச்சேரிப் பக்கம் இந்த மாதிரிக் கார் வைத்திருக்கிறவர்கள் கூடுகிற நாள் வருகிறது. திருமாலுக்குப் பொறுக்கவில்லை.

“செராமிக் ஊர்ல ஒக்காந்துகிட்டு, செராமிக் கம்பெனியும் வெச்சிகிட்டு, செராமிக்குக்கு மெட்ராஸ் போறதா? ஊரு காறித் துப்பாது?”

இதுதான் அவன் மூளை வேலை செய்த அழகு. பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று.

அமுதவள்ளிக்கு நாற்பத்தேழு வயது. கம்மாபுரத்தில் இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு குடும்பத்தோடு ஊருக்குள் வந்து, இந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் சூளை பார்க்கிறாள். அடுக்குவது, மூடுவது, நெருப்பு ஏற்றுவது, ஆறவிட்டுத் திறப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பார்க்கிற ஓட்டை வழியாக உள்ளே ஒரு பார்வை பார்த்தால் எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவாள், மீட்டர் அதற்கப்புறம்தான் ஒத்துக்கொள்ளும்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மாசத்தில் கடைசியாக அடுக்கிச் சுடும் லோடில் சூளையின் அடித்தட்டு வேலையாட்களுக்கு. கலியமூர்த்தி காலத்திலிருந்து அதற்கு ஆள்தட்டு என்று பெயர். யார் எதை வைத்துச் சுட்டாலும் கேள்வி கிடையாது. ஒரு காலத்தில் உண்டியலும் அகல்விளக்கும் வைத்தார்கள். இப்போது அமுதவள்ளி, பாலிஷ் பிரிவு வீராயி, அச்சு ஊற்றும் அன்பரசி மூன்று பேரும் சேர்ந்து கொலு பொம்மை செய்கிறார்கள். புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டுக் கல்யாண ஊர்வல செட் கேட்டிருந்தார். நாற்பத்தொரு பொம்மை இந்த மாசம், நாற்பத்தொன்று அடுத்த மாசம். இரண்டும் சொன்னபடி வந்தால் வருஷா வருஷம் இவர்களிடமே எடுப்பதாகப் பேச்சு. நாலு மாசமாக வேலை முடிந்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து செய்தவை. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புவதற்கு மட்டும் அன்பரசி ஒன்பது தடவை அச்சை மாற்றினாள். மூன்று பேரும் இதுவரை செய்ததெல்லாம் யாரோ பெயரில் போயிருக்கிறது. இது ஒன்றுதான் அவர்களுடையது. அமுதவள்ளிக்கு இந்த ஆர்டர் கைநழுவினால் இன்னொன்று வரும் என்ற நம்பிக்கை இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் லோடு அடுக்கி முடிக்கும் நேரத்துக்குத் திருமால் எட்டாவது தடவையாகச் சூளைக் கொட்டகைக்குள் வந்தான். பின்னால் ராஜ்மோகன், கையில் பட்டுத் துண்டு மூட்டை. பிரித்தால் நாலு பிஸ்டன், தலையில் வெள்ளையாகக் கிளேஸ், பீங்கானுக்குப் பளபளப்பு கொடுக்கிற மேல்பூச்சு, பூசியிருந்தது. வாளியில் கரைத்து வைத்திருந்த கம்பெனி கிளேஸ்தான். பசை கலந்து பிரஷ்ஷால் அவர்களே அடித்திருந்தார்கள். பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளை அடித்த மாதிரி இருந்தது.

“இத மேல்தட்டு நடுவுல வையி அமுதவள்ளி. நல்லா சூடு படணும்.”

“இன்னாங்க இது, அலுமினியமுங்களா?”

“அலுமினியம் அலாய்” என்றான் ராஜ்மோகன்.

“உருகிடுங்க மொதலாளி. அறுநூத்தி அறுவதுலயே அலுமினியம் தண்ணியாப் பூடும். நம்ப சூளை ஆயிரத்தி எறநூறு தாண்டுது.”

திருமால் ராஜ்மோகனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். “எஞ்சினுக்குள்ள எரியறது எவ்ளோ தெரியுமா ஒனக்கு? ரெண்டாயிரம் டிகிரி! அதுலயே இது குதிச்சிகிட்டு கெடக்குது. ஒஞ் சூளை எந்த மூலைக்கு?”

“அப்ப பழைய பிஸ்டன் ஏங்க ஓட்டையாச்சு?”

“அது வார்த்தது. இது அடிச்சது. ஃபோர்ஜ்டு.”

“அடிச்சாலும் வார்த்தாலும் அலுமினியம் அலுமினியந்தானுங்களே” என்று அவள் ராஜ்மோகன் பக்கம் திரும்பினாள். “மெக்கானிக்கு நீங்க. நீங்க சொல்லுங்க.”

ராஜ்மோகன் செல்போனைப் பார்த்தான். அதில் ஒன்றும் வரவில்லை. இருபது வருஷமாக எஞ்சின் பிரிக்கிறவன், உருகின பிஸ்டன் எத்தனை பார்த்திருப்பான்! ஆனாலும் இந்த வாடிக்கையாளரை முறைத்துக்கொள்ள அவனுக்கு முதுகெலும்பு இல்லை. முட்டாளைவிட முட்டாளுக்குத் தலையாட்டுகிறவன் மட்டம் என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

“உருகினா தட்டு சந்துல எறங்கி அடியில இருக்கற பொம்மைங்க மேல ஊத்துங்க” என்றாள்.

“ஓ, அதானா சங்கதி? ஒன் பொம்மைக்குப் பயம். ஓசித் தட்டுல வெச்சிகிட்டு இம்மாம் பேச்சு. வையின்னா வையி.”

ஓசி. அந்தச் சொல் அவள் காதில் விழுந்து அங்கேயே நின்றது. இருவரும் காட்டிய இடத்தில் பிஸ்டனை வைத்தாள். அவர்கள் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போனார்கள். கார் இல்லாததால் முதலாளி ராஜ்மோகன் வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான் போனான்.

சூளைக் கதவை மூடுகிற நேரம் வந்தது. மேல்தட்டில் நாலு வெள்ளைத் தலை, அடித்தட்டில் நாற்பத்தொரு பொம்மை. அமுதவள்ளி ஒரு நிமிஷம் நின்றாள். முதலாளி சொன்னதை மீறினால் வேலைக்கு ஆபத்து. மீறாவிட்டால் நாலு மாச உழைப்பு போய்விடும். அமுதவள்ளி கையை நீட்டி ஒவ்வொரு பிஸ்டனாக எடுத்து, காயவைக்கும் அறையில் மரச்சட்டத்தின்மேல் வைத்தாள். திறக்கிற அன்றைக்குக் கையில் கொடுத்து, உள்ளதைச் சொல்லி, ரெண்டு திட்டு வாங்கிக்கொள்வது என்று முடிவு. நல்ல சாமான் வீணாகவில்லை என்று அவனே ஒரு நாள் நினைத்துப் பார்ப்பான் என்றுகூட எண்ணினாள். அவனைப் பற்றி அவள் நல்லதாக நினைத்தது அந்த ஒரு தடவைதான், அதற்கும் தண்டனை கிடைத்தது.

திங்கட்கிழமை காலை சூளை திறந்தது. பொம்மைகள் ஒன்றுகூடப் பழுதில்லை. மாப்பிள்ளையின் தலைப்பாகைச் சிவப்பு அப்படியே நின்றிருந்தது. நாதஸ்வரக்காரர் கன்னத்தைப் பார்த்து அன்பரசி வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று பெண்களும் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் நிறுத்தினார்கள். கொடுத்துவிடலாம் என்று பிஸ்டன்களையும் கொண்டுவந்து அதே மேஜையின் ஓரத்தில் அமுதவள்ளி வைத்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் திருமால் ராஜ்மோகனோடு வந்துவிட்டான்.

பிஸ்டனைப் பார்த்தான். முழுசாக, வெள்ளையாக, குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“உருகலியே! ராஜ்மோகன், எடு வீடியோவ! உருகும்னியே அமுதவள்ளி, எங்க உருகிச்சு? காட்டு பாக்கலாம்!” ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். வேலையை விட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள், பதினோரு பேர். “இருவத்திரெண்டு வருசமா சூளை பாக்கறாளாம். எது உருகும் எது உருகாதுன்னு தெரியல. இவள நம்பி எங்கப்பா கம்பெனி நடத்தியிருக்காரு! நாளையிலேந்து சூளைய பழமலை பாக்கட்டும். நீ பேக்கிங்குக்குப் போ.”

பழமலை, சரக்கு அடுக்க உதவுகிறவன், மூன்று அடி பின்னால் போனான். சூளைக்கு எந்தப் பக்கம் பர்னர் என்று கேட்டாலே அவனுக்கு வியர்க்கும்.

அமுதவள்ளிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திட்டு வாங்கத் தயாராக வந்தவள்தான். ஆனால் சூளை தெரியாதவள் என்று, அதுவும் இவன் வாயால், இத்தனை பேர் நடுவில் கேட்பதற்கு அவள் தயாராக வரவில்லை. அவன் கையிலிருந்த பிஸ்டனை வாங்கினாள். வெள்ளைத் தலைமேல் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு இழு இழுத்தாள். மாவு உதிர்ந்தது. அடியில் அலுமினியம் பளபளத்தது.

சுட்ட பீங்கானில் நகம் ஏறாது. அங்கே நின்ற பதினோரு பேருக்கும் அது தெரியும். டீ கொண்டுவருகிற வீரம்மாளுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் முதலாளி. அவனுக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

“சூளைக்குள்ள போவவே இல்லைங்க. நாந்தான் வெளிய எடுத்துட்டன். உருகிடக் கூடாதேன்னு எடுத்தன். பத்தரமா இருக்குது, எடுத்துகிட்டுப் போங்க.”

ராஜ்மோகன் செல்போனை மெல்ல இறக்கிப் பையில் போட்டுக்கொண்டான். யாரோ இருமினார்கள். இருமலா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

‘சரி விடு’ என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். பிஸ்டனும் தப்பும், மானமும் பாதி தப்பும். ஆனால் பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது திருமால் மாதிரி ஆட்களுக்கு அந்த இரண்டு சொல் வாயில் வராது. வீம்பு மட்டும் தாராளமாக வரும்.

“ஒன்ன யாரு எடுக்கச் சொன்னது? இன்னிக்கு லோடுல ஏத்து. எஞ் சரக்கு மேலயே வையி. யாரு சொன்னது நடக்குதுன்னு பாத்துடலாம்.”

“மறுபடியும் சொல்றங்க. கண்டிப்பா உருகிடும். அதுக்கு அடுத்த தட்டுல நம்ப இன்சுலேட்டரு நானூறு இருக்குது, ஆர்டர் சரக்கு. அதும் போவும்.”

“வாய மூடு.”

“அப்ப ஒங்க கையாலயே வெச்சிடுங்க” என்று அவள் விலகி நின்றாள்.

வைத்தான். தலை நிமிர்ந்து, ஆட்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தன் கையாலேயே நாலையும் மேல்தட்டு நடுவில் வைத்தான். பழமலை பர்னர் பக்கமே போகமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டதால் நெருப்பை அமுதவள்ளியே ஏற்ற வேண்டியிருந்தது. பேக்கிங் பேச்சும் அதோடு நின்றது. குறை சொல்ல இடமில்லாமல், ஒரு டிகிரி கூடாமல் குறையாமல் ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை காலை திறந்தார்கள். பிஸ்டன் இருந்த இடத்தில் பிஸ்டன் இல்லை. தட்டின்மேல் சாம்பல் நிறத்தில் தோசை மாதிரி ஏதோ பரவிக் கிடந்தது. மிச்சம் சந்து வழியாக இறங்கி, கீழே இருந்த இன்சுலேட்டர்களின்மேல் வழிந்து, தட்டோடு தட்டாக, சரக்கோடு சரக்காக ஒட்டிப் பிடித்திருந்தது. பழமலை ஒரு இன்சுலேட்டரை அசைத்தான். தட்டே அசைந்தது. நானூறில் நூறு தேறினால் அதிகம்.

“நான் அப்பவே நெனச்சன்” என்றான் ராஜ்மோகன். அவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திருமால் அந்தத் தோசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அமுதவள்ளிக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. அதை அவள் மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. இப்போதாவது இவன் வாயிலிருந்து என்ன வருகிறது பார்ப்போம் என்று காத்திருந்தாள்.

வந்தது. “ஏம்மா, இத்தினி வருசம் சூளையில இருக்கற. நீ அழுத்திச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா?”

அன்றைக்கும் கூடியிருந்த பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள். சிரிக்க முடியாது, சம்பளம் வாங்குகிறார்கள்.

“இப்ப எவ்ளோ நஷ்டம்! சரக்கு திரும்பப் போடணும். இனிமே ஆள்தட்டு கீள்தட்டு ஒண்ணும் கெடையாது. அடித்தட்டுலயும் கம்பெனி சரக்குதான். ஓசியில எடம் குடுத்துக் குடுத்துதான் ஒங்களுக்கெல்லாம் கொழுப்பு ஏறிப் போச்சு.”

வீராயியின் கை வாய்க்குப் போனது. அடுத்த மாசம் நாற்பத்தொரு பொம்மை. புதுச்சேரிக்காரர் முதல் செட்டைப் பார்த்துவிட்டுப் போன் செய்து, மீதியும் இதே மாதிரி இருக்கட்டும் என்று சொல்லி இரண்டு நாள்தான் ஆகிறது. அன்பரசி கண்ணில் தண்ணீர் நின்றது.

அமுதவள்ளி சொல்லத்தான் போனாள். அந்தச் சூளையில் அடித்தட்டு சூடு ஏறாது. மேலே ஆயிரத்தி எறநூறு தாண்டும்போது அங்கே நூறு டிகிரி குறைவு. கட்டின நாளிலிருந்தே அப்படித்தான். கம்பெனிச் சரக்கை அங்கே வைத்தால் சுண்ணாம்புக்கட்டி மாதிரி அரைவேக்காடாக வரும், தண்ணீரில் போட்டால் குடிக்கும், இங்கே சோதனை மேஜையிலேயே ஒன்றுகூடத் தேறாது. அது தெரிந்துதான் கலியமூர்த்தி, மற்ற லோடுகளில் காலியாகவே கிடக்கும் அந்தத் தட்டை மாசக் கடைசியில் ஆட்களுக்கு விட்டார். பெரிய மனசு என்று ஊரெல்லாம் பேர் வாங்கினார். தனக்கு ஆகாததைக் கொடுத்துப் பேர் வாங்கிய கெட்டிக்காரர் அவர். அந்தக் குறைந்த சூட்டுக்குப் பழுக்கிற மாதிரிக் கிளேஸ் கலந்து, ஆகாத தட்டை ஆகிற தட்டாக்கியது அமுதவள்ளி. மகனுக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியாது.

வாயைத் திறந்தாள். அழுத்திச் சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டனா என்று அவன் கேட்டது இன்னும் கொட்டகைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு அழுத்த வேண்டும் இவனுக்கு? வாயை மூடிக்கொண்டாள்.

“சரிங்க மொதலாளி. அடித்தட்டுல எத்தினி வெக்கட்டும்?”

“எத்தினி புடிக்குமோ அத்தினி. ரொப்பு.”

“ரொப்பிடறங்க.”

அவன் போனான். வீராயி ஓடிவந்து கையைப் பிடித்தாள். “இன்னாக்கா நீ, சரின்னுட்ட? அங்க வெச்சா வேவாதுன்னு சொல்லக் கூடாதா? அடுத்த மாசம் நாம எங்க சுடறது?”

“இங்கதான்” என்றாள் அமுதவள்ளி. “மாசத்துக்கு ஏழு லோடு. ரெண்டு லோடு பச்சையா வரட்டும். மூணாவதுக்கு அவனே வந்து, அடித்தட்டுல ஒங்க பொம்மையே வைங்கடின்னு சொல்லுவான். நீங்க போயி நாதஸ்வரக்காரரு அச்ச எடுங்க.”

பிறகு குனிந்து, ஃபியூஸ் கட்டைகளை அடித்தட்டில் அடுக்க ஆரம்பித்தாள். ஒன்றோடொன்று முட்டாமல், வரிசை பிசகாமல், ஒரு இடம்கூடக் காலியாக விடாமல் அடுக்கினாள். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் எந்த லோடையும் அவள் அவ்வளவு ஒழுங்காக அடுக்கியதில்லை.